வானூர்திக்குப் பெற்றோல் சுமக்கும் தாங்கி: கட்டுவதா, வாங்குவதா?

வீட்டின் பின்புறக் கொட்டிலில் ஒருவர் ஆகாய விமானமொன்றைத் தம் கையாலேயே கட்டி முடித்து, அதிலேறிப் பறக்கின்றார் என்று கூறினால், நம்முள் பலர் அதனைக் கட்டுக்கதை என்றே எண்ணுவர். ஐக்கிய அமெரிக்காவிலோ இது பல்லாண்டுகளாக நிகழ்ந்துவரும் செயலாகும். வைத்தியர், ஆசிரியர், கமக்காரர், இளைப்பாறிய எந்திரி எனப் பலதிறத்தாரும் மாலை வேளைகளையும் விடுமுறை நாட்களையும் இதற்கென ஒதுக்கித் தத்தம் விமானத்தைத் தாமே உருவாக்குகின்றனர். இத்தகையோரை ஒன்றுசேர்க்கும் நோக்குடன் 1953ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்திலே போல் பொபெரெஸ்னி என்பார் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்தின் பெருவிழா 1970 தொடக்கம் அம்மாநிலத்து ஒஷ்கொஷ் நகரில் நடைபெற்று வருகின்றது. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் என்பவர் வகுத்த ஆர்.வி. என்னும் வரிசையைச் சேர்ந்த விமானங்கள் மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல் இவ்வாறு கட்டப்பட்டுப் பறந்துள்ளன.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவ்விமானம் அன்று; அதற்குப் பெற்றோல் கொண்டுசெல்லும் சிறு தாங்கியே. இத்துணைச் சிறிய பொருளுக்கு ஒரு பத்தி முழுவதும் வேண்டுமோ என வாசகர்கள் வினவலாம். வேண்டும் என்பதே நமது விடை. ஏனெனில், விமானத்தைக் கட்டுவோனின் திறமையைப் பிறர் சோதிக்கின்றனர். இத்தாங்கியைக் கட்டுவோனின் திறமையையோ பெரும்பாலும் எவரும் சோதிப்பதில்லை.

சோதனைக்கு உட்பட்டதும் உட்படாததும்

அமெரிக்கச் சட்டத்தின்படி, ஒரு விமானத்தின் பெரும்பகுதியை ஒருவர் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே செய்திருந்தால், அது பரிசோதனை வகுப்பைச் சேர்ந்த விமானமாக ஏற்கப்படும். பாதிக்கு மேல் அவர் உழைப்பாக இருத்தல் வேண்டும் என்பதால், மக்கள் இதனை 51 வீத விதி என்று வழங்குவர். வேலை முடிந்ததும் அரசாங்கப் பரிசோதகரோ, அவ்வதிகாரம் பெற்ற வேறொருவரோ விமானத்தைப் பார்வையிட்டே பறத்தற்கு அனுமதி அளிப்பார். அதன் பின்பும் குறித்த எல்லைக்குள் 25 மணி நேரமோ 40 மணி நேரமோ பயணிகளை ஏற்றாது பறந்து காட்டுதல் நெடுங்கால வழக்கம். 'பரிசோதனை' என்னும் சொல்லை ஏறும் வாயிலருகே யாவரும் காணும்படி எழுதி வைத்தலும் வேண்டும்.

ஒரு விமானத்துக்கு இத்தனை கண்கள் காவல். ஆனால் அதே மனிதர் காரின் பின்னே பூட்டிய சிறு இழுவை வண்டியில், தாமே தகடு வளைத்து ஒட்டிய தாங்கியொன்றில் 100 லீற்றர் பெற்றோலை நிரப்பி, பள்ளிக்கூடத்தையும் கடைத்தெருவையும் கடந்து விமானத் திடலுக்குச் செல்லும்போது, அத்தாங்கியின் ஒட்டு உறுதியானதா என்று வழியில் கேட்பார் இலர். அங்கே பரிசோதகரும் அவரே, பரிசோதிக்கப்படுபவரும் அவரே.

பெற்றோலைச் சுமந்து செல்வது ஏன்?

விமானத் திடலிலேயே எரிபொருள் விற்கும்போது வீதியோர நிலையத்திலிருந்து அதனைச் சுமந்து செல்வானேன்? இதற்குக் காரணம் உண்டு. சிறு விமானங்களுக்கென அமெரிக்கத் திடல்களில் விற்கப்படும் பெற்றோல் பெரும்பாலும் நீல நிறச் சாயமிட்ட '100 எல்.எல்.' என்னும் வகையாகும். 'எல்.எல்.' என்பது ஈயம் குறைந்தது எனப் பொருள்படும். குறைந்தது என்னும் பெயரைக் கண்டு மயங்கலாகாது. லீற்றர் ஒன்றில் அரைக் கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஈயம் அதில் இருக்க இடமுண்டு. வீதியில் ஓடும் கார்களுக்கு ஈயம் கலந்த பெற்றோலை அமெரிக்கா 1996ஆம் ஆண்டோடு தடைசெய்துவிட்டது. சிறு விமானங்கள் வெளிவிடும் ஈயம் மக்கள் நலத்துக்குக் கேடானது என அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் முறைப்படி முடிவு கூறியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும் என்பதை நாம் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

அன்றியும், இக்காலத்தில் வீட்டில் கட்டப்படும் சிறு விமானங்கள் பலவற்றில் பொருத்தப்படும் ரொட்டக்ஸ் 912 என்னும் எஞ்சின் நல்ல தரமான கார்ப் பெற்றோலிலேயே செம்மையாக ஓடும். ஈயப் பெற்றோலையே பெரிதும் ஊட்டினால், ஈயப் படிவு சேர்வதால் அதன் எண்ணெயை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற நேரும். கார்ப் பெற்றோலின் விலையும் பெரும்பாலும் குறைவு. ஆகவே சிக்கனமும் எஞ்சினின் நலமும் ஒருங்கே ஒருவரை வீதியோர நிலையத்துக்கு அழைத்துச் செல்கின்றன.

அங்கும் ஒரு கவனம் வேண்டும். அமெரிக்காவில் விற்கும் கார்ப் பெற்றோலிற் பெரும்பகுதி 10 வீதம் வரை எதனோல் என்னும் மதுசாரம் கலந்தது. எதனோல் நீரை ஈர்க்கும். சில வகை றப்பரையும் பசையையும் பழுதாக்கும். பழைய முறையிற் செய்த கண்ணாடியிழைத் தாங்கிகளின் உட்பூச்சைக் கரைத்துவிடுதலும் உண்டு. இதனை அறிய விமானிகள் கையாளும் முறை மாணவர்களுக்குச் சுவை பயப்பதாகும். அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயில் சிறிது நீரை விட்டு, நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அதன்மேல் பெற்றோலை ஊற்றிக் குலுக்கி வைப்பர். பெற்றோல் மேலே மிதக்க நீர் கீழே தங்கும். பெற்றோலில் எதனோல் இருப்பின் அது நீரோடு சேர்ந்துவிடுவதால், கீழே நிற்கும் படையின் மட்டம் முன் குறித்த கோட்டுக்கு மேல் உயரும். மட்டம் மாறாதிருந்தால் எதனோல் இல்லை எனத் துணியலாம். இது விமானத் திடலில் வெட்டவெளியில் பழகியோர் செய்யும் சோதனை; மாணவர்கள் வீட்டிற் செய்து பார்க்க வேண்டியதன்று.

நிற்க. அமெரிக்கர் இன்றும் கலன் என்னும் அளவையையே ஆளுகின்றனர். அவர்தம் கலன் ஒன்று ஏறக்குறைய 3.8 லீற்றர். ஆர்.வி. 12 என்னும் இருவர் விமானத்தின் தாங்கி 20 கலன், அதாவது ஏறக்குறைய 76 லீற்றர் கொள்ளும். கடையில் விற்கும் பெரிய கான் 5 கலன், அதாவது 19 லீற்றர் கொள்ளும். பெற்றோல் லீற்றர் ஒன்று முக்காற் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த நிறையுடையது. ஆகவே நிறைந்த கான் ஒன்று 14 கிலோகிராமையும் தன் சொந்த நிறையையும் சேர்த்துக் கனக்கும். அதனை நான்கு முறை தூக்கிப் பிடித்து ஊற்ற வேண்டும். கிற்பொக்ஸ் போன்று சிறகு மேலே அமைந்த விமானமாயின், ஏணியில் நின்று ஊற்ற வேண்டும். கை நடுங்கினால் பெற்றோல் சிறகின் மேலும் ஊற்றுவோரின் உடையின் மேலும் வழியும். இத்தொல்லையே சக்கரமும் பம்பியும் குழாயும் கொண்ட தாங்கியொன்று இருந்தால் நன்றாகுமே என்னும் எண்ணத்தைத் தோற்றுவிக்கின்றது.

கண்ணுக்குத் தெரியாத பகை

தாங்கியைப் பற்றி முடிவு செய்யுமுன் பெற்றோலின் இயல்பை அறிதல் வேண்டும். மண்ணெண்ணெயோடு பழகிய நம் வீட்டார் பெற்றோலையும் அதுபோன்றதே என எண்ணிவிடுதல் உண்டு. மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் பெற்ற பின்னரே தீப்பற்றத் தக்க ஆவியை விடும். பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகைக் குளிரிலும் அத்தகைய ஆவியை விட வல்லது. எரிவது திரவம் அன்று, ஆவியே. அவ்வாவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு பாரமானது. ஆதலின் அது மேலெழுந்து கலைந்து போகாது, நிலத்தோடு நிலமாக ஊர்ந்து சென்று, அப்பால் எரியும் அடுப்பையோ வெந்நீர்க் கொதிகலத்தின் சிறு சுடரையோ சென்றடையும். அங்கு பற்றிய தீ வந்த வழியே திரும்பித் தாங்கியை அடையும்.

சுடர் இல்லாத இடத்தில் அச்சமில்லை எனவும் கூற முடியாது. பெற்றோல் குழாயில் ஓடும்போது உராய்வினால் நிலைமின் ஏற்றம் உண்டாகின்றது. விரைந்து ஓடினால் அது மிகும். வடியினூடாகப் பாய்ந்தால் மேலும் மிகும். உலோகப் பாத்திரம் நிலத்தைத் தொட்டிருந்தால் அவ்வேற்றம் நிலத்துக்குள் இறங்கிவிடும். ஆனால் லொறித் தட்டிலே பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்த பாத்திரத்துக்கு அவ்வழி இல்லை. பிளாஸ்டிக் காவலி ஆகையால் ஏற்றம் பாத்திரத்திலேயே தங்கிப் பெருகும். பின்னர் நிரப்பு குழாயின் உலோக மூக்கு அண்மையில் வந்ததும் பொறியாகப் பாயும். அப்பொறி நம் விரலுக்கு உறைக்காத அளவினதாயினும் பெற்றோல் ஆவியைப் பற்றவைக்கப் போதும். அமெரிக்காவில் இவ்வாறு லொறித் தட்டில் வைத்து நிரப்பும்போது தீப்பற்றிய நிகழ்ச்சிகள் உண்மையில் நிகழ்ந்தன. இதனாலேயே கானை வண்டியிலிருந்து இறக்கி, வெறுந்தரையில் வைத்து, குழாய் மூக்குப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டபடியிருக்க மெல்ல நிரப்புக என அந்நாட்டு நிலையங்களில் எழுதி வைத்துள்ளனர்.

கட்டுவதா, வாங்குவதா?

விமானத்தையே கட்டியவர், ஒரு தாங்கியைக் கட்ட அஞ்சுவாரா? 'எஞ்சினைப் பொருத்தினேன், சிறகைத் தைத்தேன், இத்தகரப் பெட்டி எனக்கு எம்மாத்திரம்' என அவர் எண்ணுதல் இயல்பே. அந்நம்பிக்கையிலேதான் இடர் மறைந்திருக்கின்றது.

இதற்கொரு துன்பமான சான்றைக் கூறுதல் வேண்டும். புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர் 1997ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் நாள் கலிபோர்னியாக் கரையருகே கடலில் வீழ்ந்து உயிரிழந்தார். அவர் ஓட்டியது பேர்ட் ரூட்டன் வகுத்த லோங் ஈசி என்னும் வகையைச் சேர்ந்த விமானம். அதனை வேறொருவர் தம் கையாற் கட்டியிருந்தார். ஒரு தாங்கியிலிருந்து மற்றொன்றுக்கு எரிபொருளை மாற்றும் திருகுபிடி, ரூட்டனின் வரைபடத்தில் விமானியின் கால்களுக்கிடையே அமைந்திருந்தது. கட்டியவரோ விமானி இருக்கும் இடத்தினுள் பெற்றோல் குழாய் வருதல் ஆகாது என்னும் நன்னோக்கத்தால், அப்பிடியை இடத் தோளுக்குப் பின்னே வைத்துவிட்டார். பறக்கும்போது பெற்றோல் குறைந்த வேளையில் அப்பிடியைத் திருக உடலை முறுக்கித் திரும்புகையில் கட்டுப்பாடு தவறியது என்பது விசாரணையாளர் கண்ட முடிபு. புறப்படுமுன் போதிய பெற்றோல் நிரப்பாமையையும், பிடியின் எட்டாத இடத்தையும், அதன்மேல் குறியீடு இல்லாமையையும் அவர்கள் காரணங்களாகக் குறித்தனர்.

இங்கு கட்டியவர் சோம்பேறியும் அல்லர், மூடரும் அல்லர். ஓர் ஆபத்தை நீக்க முயன்று மற்றோர் ஆபத்தை உண்டாக்கினார். எரிபொருளைப் பொறுத்தவரை நல்லெண்ணம் மட்டும் போதாது. பலர் பலமுறை சோதித்துத் தேர்ந்த வழியை விட்டு விலகுமுன் பத்து முறை சிந்தித்தல் வேண்டும்.

ஆதலின் பெற்றோலைத் தாங்கும் பாத்திரம், பம்பி, குழாய் ஆகிய மூன்றையும் வாங்குக என்பதே நமது கருத்து. தாங்கி என்பது வெறும் பெட்டி அன்று. வண்டி திரும்பும்போதும் நிற்கும்போதும் உள்ளே பெற்றோல் அலைமோதும். அதனைத் தணிக்க உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும். வெயிலில் அமுக்கம் ஏறினால் ஆவியை வெளிவிட்டுத் தானே மூடிக்கொள்ளும் வால்வு வேண்டும். வண்டி கவிழ்ந்தாலும் ஒட்டு விடாதிருத்தல் வேண்டும். வீட்டிற் செய்த ஒட்டில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று இருந்தால், குலுங்கும் வீதியில் அது விரிந்துவிடும்.

வாங்குவோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. அமெரிக்கக் கடைகளில் லொறித் தட்டுக்கென விற்கும் மலிவான பெரிய தாங்கிகள் பல டீசலுக்கு மட்டுமே உரியவை. டீசல் எளிதில் ஆவியாவதில்லை. எனவே அத்தாங்கியின் காற்றுத்துளையும் பம்பியும் பெற்றோலுக்கு ஏற்ற காப்புடையன அல்ல. டீசல் பம்பியின் மோட்டாரில் எழும் சிறுபொறி டீசலுக்குத் தீங்கற்றது; பெற்றோல் ஆவியின் நடுவே அதுவே கொள்ளியாகும். எனவே தாங்கியிலும் பம்பியிலும் பெற்றோலுக்கு உரியது என்னும் முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குதல் வேண்டும். சிறு கான்களே போதும் என்பார்க்கு, வில்லினால் தானே மூடும் மூடியும், தீ உட்புகாது தடுக்கும் வலையும் கொண்ட காப்புக் கான்கள் உண்டு. சாதாரணப் பெற்றோல் கான்களிலும் தீத்தடுப்பு வேண்டும் என 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சட்டம் இயற்றி, 2023இல் நடைமுறைப்படுத்தினர். பெற்றோல் கான் செந்நிறம், டீசலுக்கு மஞ்சள், மண்ணெண்ணெய்க்கு நீலம் என்னும் வழக்கமும் அங்கு உண்டு. விமானத்தில் தவறான எரிபொருள் ஏறாதிருக்க இந்நிறங்கள் பேருதவி புரியும்.

அப்படியானால் கட்டுவோனின் கைக்கு வேலையே இல்லையா? நிரம்ப உண்டு. தாங்கியை இறுகப் பிடிக்கும் சட்டம், தாழ்வாக அமைந்த சக்கர வண்டி, குழாயைச் சுற்றி வைக்கும் உருளை, தீயணைக்கும் கருவிக்குரிய பிடி, விமானத்தோடு இணைக்கும் மின்கடத்திக் கம்பி ஆகிய யாவும் அவர் செய்யத் தக்கவை. இவற்றில் ஒரு பிழை நேர்ந்தாலும் கண்ணிற் படும், திருத்தலாம். உலகின் முதல் வீட்டு விமானிகளாகிய ரைட் சகோதரர்களும் இவ்வழியே சென்றனர். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் 12 விநாடி பறந்த அவ்விமானத்தின் எஞ்சினை அவர்களுடைய தொழிலாளியான சார்லி டெயிலர் ஆறு வாரத்தில் ஆக்கினார். ஆயினும் அதன் அலுமினிய உடலை டேட்டன் நகர வார்ப்பாலையில் வார்ப்பித்தே பெற்றனர். சங்கிலிகளை வெளியில் வாங்கினர். எதனைத் தம் கையாற் செய்வது, எதனைத் தொழில் வல்லோரிடம் பெறுவது என்னும் தெளிவும் அவர்தம் மேதையின் ஒரு கூறாகும்.

கையாளும் ஒழுங்கு

நல்ல தாங்கியும் ஒழுங்கின்றிக் கையாண்டால் தீதாகும். அதனை விளிம்பு வரை நிரப்பலாகாது. வெப்பம் 20 பாகை ஏறினால் 100 லீற்றர் பெற்றோல் ஏறக்குறைய 102 லீற்றராக விரியும். அதற்கு இடம் விடுதல் வேண்டும். உறிஞ்சு குழாயின் வாய் அடித்தட்டிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேலே நிற்றல் நன்று. நீரும் துருவும் அடியில் தங்க, தெளிந்த பெற்றோலே மேலேறும். நீரைப் பிரிக்கும் வடியொன்றையும் இடையே பொருத்துதல் வேண்டும்.

விமானத்தை அடைந்ததும் முதலிற் செய்ய வேண்டியது மூடியைத் திறத்தல் அன்று. தாங்கியையும் விமானத்தின் உலோகப் பாகத்தையும் கம்பியால் இணைத்தலே முதல் வேலை. அவ்விணைப்பினால் இரண்டின் மின்னேற்றமும் சமனாகும். இடையே பொறி பாய இடமிராது. அதன் பின்னரே மூடியைத் திறந்து, குழாய் மூக்கு வாயைத் தொட்டிருக்க, மெல்ல நிரப்புதல் வேண்டும். முடிந்ததும் மூடியை மூடிய பின்னரே கம்பியைக் கழற்ற வேண்டும். பிளாஸ்டிக் புனல் ஆகாது. இறுதியாக, பறக்குமுன் விமானத் தாங்கியின் அடியிலிருந்து சிறிது பெற்றோலைக் கண்ணாடிச் சாடியில் வடித்துப் பார்க்க வேண்டும். அடியில் முத்துப்போல் நீர்த்துளி தெரிந்தால், அது நீங்கும்வரை மீண்டும் மீண்டும் வடித்தல் வேண்டும். நிலத்தில் ஓடும் கார் நீரால் நின்றால் இறங்கித் தள்ளலாம். வானில் அவ்வசதி இல்லை.

நமக்கும் இதில் ஒரு பாடம்

நம் நாட்டில் வீட்டில் விமானம் கட்டுவோரை நாம் காண்பது அரிது. ஆயினும் பெற்றோலைப் பாத்திரத்தில் வைத்திருக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாட்கணக்கில் வரிசையில் நின்று பெற்ற பெற்றோலைச் சோடாப் போத்தலிலும் தண்ணீர்க் கானிலும் ஊற்றி, அடுக்களையருகிலும் கட்டிலின் கீழும் வைத்திருந்தோர் எத்தனை பேர்! நீர்ப்பம்பிக்கும் மோட்டார்ச் சைக்கிளுக்கும் என இன்றும் போத்தலில் வாங்கி வைப்போர் உளர். குடிநீர்ப் போத்தலில் இருக்கும் பெற்றோலைத் தாகத்தோடு வரும் குழந்தை எவ்வாறு அறியும்? நிலத்தோடு ஊர்ந்து அடுப்பை நாடும் ஆவியைத் தாய் எவ்வாறு காண்பாள்?

பெற்றோல் இன்றியமையாததாயின், அதற்கென ஆக்கிய கானில், அதன் பெயரை எழுதி, வீட்டுக்குப் புறத்தே நிழலும் காற்றும் உள்ள இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாதவாறு பூட்டி வைத்தல் வேண்டும். தேவைக்கு மேல் ஒரு போத்தலும் வேண்டாம்.

விமானம் கட்டும் அமெரிக்கருக்கும் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டும் நம் இளைஞருக்கும் இவ்விடயத்தில் வேற்றுமை சிறிதே. பரிசோதகர் வாராத இடங்களில் நம் மனச்சான்றே பரிசோதகர். அவருக்கு நம் கொட்டிலின் கதவை இன்றே திறந்துவிடுவோமாக.